மண்ணா, ரத்தமா?

பிரான்ஸ், ஜெர்மனி குடியுரிமை பற்றி ரோஜர்ஸ் புரூபேக்கர் 1992-ல் எழுதிய புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு தேசம் தன்னை யாரென்று நினைக்கிறதோ, அதன்படிதான் அதன் குடியுரிமைச் சட்டம் என்கிறார். பிரான்ஸுக்கு மண், ஜெர்மனிக்கு ரத்தம். அதனால்தான் பெர்லினிலேயே பிறந்து வளர்ந்த துருக்கித் தொழிலாளியின் மகன் அந்நியன். கஜகஸ்தானிலிருந்து வந்திறங்கி ஜெர்மன் பேசத் தடுமாறுகிற ஆசாமி, பாட்டன் ஜெர்மானியர் என்பதால், குடிமகன். இந்த அபத்தத்தின் சரித்திரத்தைப் பிரமாதமாகச் சொல்கிறார்.

ஆனால், பாருங்கள்... மறு வருஷமே பிரான்ஸ், அங்கே பிறந்த வெளிநாட்டார் பிள்ளைகளுக்கு 18 வயதில் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை விண்ணப்பித்து வாங்கிக்கொள் என்றது. (1998-ல் பழையபடி மாற்றிவிட்டார்கள்.) ஜெர்மனியோ, 1913-ம் வருஷச் சட்டத்தைத் திருத்தி, 2000 முதல் அங்கே பிறக்கும் வெளிநாட்டார் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது, பெற்றோரில் ஒருவர் எட்டு வருஷம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனைகளில் ஒன்று. தேசத்தின் சுபாவம் அத்தனை அழுத்தமானது என்றால், பாராளுமன்றத்தில் நாலு கை தூக்கினால் மாறிவிடுமா?

அதற்காக மனுஷனை முழுசாகத் தள்ளவும் முடியவில்லை. கெல்சன்கிர்ஷனில் பிறந்த மெசுட் ஒசில், 2014-ல் உலகக் கோப்பை ஜெயித்த ஜெர்மன் அணியில் ஆடியவர். 2018-ல் துருக்கி அதிபரோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த உலகக் கோப்பையில் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. திட்டு தாங்காமல் விலகினார். ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.