செர்வர் தட்டும் வீட்டுக் கணிப்பொறியும் – ஒரு விமரிசனம்

பெரிய நிறுவனங்களின் செர்வர்களில் இரவு பகலாகச் சுழன்ற வன்தட்டுகள் சில ஆண்டுகளுக்குப் பின் கழற்றப்பட்டுப் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. விலை குறைவு, கொள்ளளவு அதிகம் என்று மாணவர்கள் அவற்றை வாங்குகின்றனர். வீட்டுக் கணிப்பொறியில் மாட்டினால் பல சமயம் தட்டு சுழல்வதே இல்லை. 'கெட்ட சரக்கு' என்று தூக்கி எறிந்துவிடுகின்றனர். குற்றம் தட்டினுடையதுதானா? பொருத்தும் விதிகளை வகுத்தவர்களுக்கு அதில் பங்கில்லையா? சற்று ஆராய்வோம்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். கோவையிலிருந்து வரும் அகலப் பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர். நீலகிரி மலை ரயில் பாதையின் அளவு 1000 மில்லிமீட்டர். ஒன்றன் வண்டி மற்றதில் ஓடாது. ஆகவே தவறுக்கும் இடமில்லை. செர்வர்களில் பயன்படும் 'சாஸ்' முறையும் இத்தகையதே. வீட்டுக் கணிப்பொறிக்குரிய 'சாட்டா' தட்டில், செய்திக்கு 7 முனைகளும் மின்சாரத்துக்கு 15 முனைகளும், நடுவே ஓர் இடைவெளியும் உண்டு. சாஸ் தட்டில் அந்த இடைவெளி அடைக்கப்பட்டு, அதன் மறுபுறம் மேலும் 7 முனைகள் அமைந்துள்ளன. எனவே சாட்டா கம்பி அதில் நுழையாது. ஆனால் சாட்டா தட்டு சாஸ் இணைப்பில் பொருந்தும். சாஸ் கட்டுப்பாட்டு அட்டை இரண்டு மொழிகளையும் அறியும். இந்த அமைப்பைப் பாராட்டவே வேண்டும்.

இந்தக் காவலைக் கெடுப்பவை சந்தையில் விற்கும் மலிவான இடைப்பொருத்திகள். அவை முனைகளை இணைக்கின்றனவே தவிர, மொழியை மாற்றுவதில்லை. சாஸ் தட்டுக்குத் தனிக் கட்டுப்பாட்டு அட்டை கட்டாயம் தேவை.

இனி மறுபக்கம். 2016-இல் வெளிவந்த சாட்டா 3.3 விதியில், மின் இணைப்பின் 3-ஆம் முனைக்குப் புதிய வேலை தரப்பட்டது. அதில் 3.3 வோல்ட் இருக்கும்வரை தட்டு அணைந்தே இருக்கும். செயலற்றுப் போன தட்டை ஆள் போய்க் கழற்றாமல், தொலைவிலிருந்தே அணைத்து மீண்டும் இயக்குவது இதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் பழைய விதிப்படி அதே முனையில் 3.3 வோல்ட் தரும் மின்வழங்கிகள் வீடுகளில் ஏராளம். அவற்றோடு இணைத்தால், 'அணைந்திரு' என்ற கட்டளை ஓயாமல் வருவதாகத் தட்டு கருதுகிறது. உருவம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது! சாஸ் காட்டிய முன்யோசனை இங்கே இல்லை என்பதே நமது குறை.

பரிகாரம் எளிது. 3-ஆம் முனையை மட்டும் வெப்பந்தாங்கும் மின்காப்பு நாடாவால் மூடலாம். அல்லது 5, 12 வோல்ட் மட்டுமே தரும் நான்கு முனை மின் இணைப்பிலிருந்து மாற்றுக் கம்பி போடலாம். தரமற்ற கம்பி தீப்பிடிக்கக்கூடும், கவனம் தேவை.

இன்னொன்று: சில சேமிப்புச் சாதனங்களின் தட்டுகளில் ஒரு பகுதிக்கு 512-க்குப் பதில் 520 பைட்டுகள் இருக்கும். மிகுந்த 8 பைட்டுகள் சரிபார்ப்புக்கானவை. அவற்றை 512-க்கு மறுவடிவம் செய்தாலன்றி வீட்டுக் கணிப்பொறி ஏற்காது. இதற்குப் பல மணி நேரம் ஆகலாம், உள்ளிருப்பவை அழியும்.

ஆகவே வாசகர்களே, வாங்குமுன் சாஸா, சாட்டாவா என்று பெயர்ச்சீட்டைப் பாருங்கள். சுழலாத தட்டை எறியுமுன் 3-ஆம் முனையைச் சோதியுங்கள். பழகிய தட்டு எந்நாளும் நின்றுபோகலாம். அதிலுள்ளவற்றுக்கு வேறிடத்தில் ஒரு நகல் வைத்திருங்கள்.