பூட்டும் திறப்பும் காணுமா?

"பிள்ளையளுக்கு இது காணும்" என்பதுதான் வழக்கமான சமாதானம். யாழ்ப்பாணத்து உயர்தர உயிரியல் ரியூசன் வகுப்புகளில் கலங்களுக்கிடையிலான சமிக்ஞை பெரும்பாலும் ஒரே படத்தோடு முடிந்துவிடுகிறது. ஓமோன் திறப்பு, வாங்கிப் புரதம் பூட்டு. பொருந்தினால் கதவு திறக்கும். பல்தேர்வு வினாவுக்கு இதற்குமேல் எதற்கு என்று அண்மையில் ஓர் ஆசிரியர் என்னோடு வாதாடினார். வினாவுக்குக் காணும்தான்.

உவமைக்கு வலு உண்டு. இரத்தத்தோடு உடலெங்கும் ஓடும் ஓமோன் சில கலங்களை மட்டும் ஏன் அசைக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. வாங்கியில் குந்திக்கொண்டு வேலையை மறிக்கும் மருந்துகளையும் விளக்குகிறது. ஆனால் 1894இல் எமில் பிஷர் அதைச் சொன்னது நொதியங்களுக்கு. வாங்கி என்ற எண்ணத்துக்கு வழிவிட்டவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் லாங்லி. கோழித் தசைக்குப் போன நரம்பு சிதைந்த பின்னும் நிக்கொட்டின் பட்டதும் தசை சுருங்குவதைக் கண்டு, அதை ஏற்கும் பொருள் தசையிலேயே இருக்கிறது என்று 1905இல் எழுதினார். நிக்கொட்டின் தரும் புகையிலையை விற்ற காசில் கல்வீடு கட்டிய ஊர் இது. ஆனாலும் இந்தச் சோதனையை எங்கள் வகுப்புகளில் சொல்லக் கேட்டதில்லை.

என் பழைய முறைப்பாடு ஒன்றுதான். எத்தனை தரம் திறந்தாலும் பூட்டு அதே பூட்டு. வாங்கியோ பாவிக்கப் பாவிக்க மாறும். நிக்கொட்டின் பட்டதும் திறக்கும் வாங்கி, அது விலகாமல் இருந்தால் சற்று நேரத்தில் மரத்துப்போகிறது. நீண்டகாலம் புகைப்பவரின் மூளையில் அவ்வகை வாங்கிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. சுருட்டை விட முடியாதவரின் அவதிக்கு இதில் பங்குண்டு. மிளகாயின் கப்சேசினை உணரும் வாங்கி ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெப்பத்துக்கும் திறக்கும். அதை 1997இல் இனங்காட்டிய டேவிட் யூலியசுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வெப்பம் எந்த வடிவத் திறப்பு? உறைப்புக் கறி தின்று பழகிய நாக்கு ஏன் முன்போல் எரிவதில்லை? படத்தில் பதில் இல்லை.

இன்சுலினில் இந்தக் குறை ஆபத்தாகவே மாறுகிறது. சலரோகக்காரருக்கும் அதே படத்தைத்தான் காட்டுகிறோம். உண்மையில் இன்சுலின் கலத்துக்கு வெளியே வாங்கியைப் பிடிக்க, உள்ளே ஒரு புரதம் அடுத்ததில் பொசுபேற்றை ஏற்றி அதைத் தூண்ட, அந்தத் தொடரின் முடிவில்தான் குளுக்கோசைக் கடத்தும் புரதங்கள் தசைக்கலத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. இரண்டாம் வகைச் சலரோகத்தின் தொடக்கத்தில் இரத்தத்தில் இன்சுலின் குறைவதில்லை, பெரும்பாலும் கூடியிருக்கும். பழுது அநேகமாக வாங்கியைத் தாண்டி, அந்தத் தொடரில். திறப்பும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, பின்னே ஏன் சீனி கூடுகிறது என்று நோயாளி கேட்டால் அந்தப் படம் வாய் திறக்காது. பரீட்சைக்கு இலேசு என்று அதைக் காப்பாற்றுகிறவர்கள், விளங்காததை விளங்கியதாக நம்பவைக்கிறார்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று. தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் தூண்டல் இல்லாமலே அதே கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்துவிடும். சாப்பிட்டபின் நடக்கச் சொல்லும் வைத்தியர் எந்தப் பூட்டை, எந்தத் திறப்பால் திறக்கிறார் என்பதை அந்த ஆசிரியர்தான் விளக்கவேண்டும்.