பதினோராம் மணி வேலையாள்: லூ செங்-சியாங்கின் துறவு நூல்

துறவு பூண்டோரின் வரலாறுகள் பெரும்பாலும் இளமையில் தொடங்குகின்றன. உலகத்தை நன்கு அறியுமுன்னரே அதனை விட்டு நீங்கியவர்களின் கதைகள் அவை. லூ செங்-சியாங் 1945இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'நினைவுகளும் சிந்தனைகளும்' என்னும் நூல் அவ்வகையினது அன்று. பெல்ஜிய நாட்டில் புரூகே நகரை அடுத்த புனித அந்திரேயா மடத்தில் 1927இல் அவர் சேர்ந்தபோது அவருக்கு வயது 56. சீனக் குடியரசின் வெளியுறவு அமைச்சராகவும், 1912இல் சில காலம் பிரதம அமைச்சராகவும் பணியாற்றியவர். பெல்ஜியப் பெண்மணியாகிய தம் மனைவியை 1926இல் இழந்தவர். பெனடிக்டின் துறவியாகப் பியேர்-செலஸ்தின் என்னும் பெயர் ஏற்று, அவ்வயதில் இலத்தீனும் இறையியலும் பயின்று, 1935இல் தம் 64ஆம் வயதில் குருப்பட்டம் பெற்றார்.

இந்நூலை நாம் வாசிப்பதற்குத் தனிக் காரணமொன்று உண்டு. லூ 1871இல் ஷாங்காயில் ஒரு புராட்டஸ்தந்து இல்லத்தில் பிறந்தவர். அவர் தந்தையார் லண்டன் மிஷனரி சங்கத்தின் உபதேசியாராக, வேதப் பிரதிகளையும் துண்டுப் பிரசுரங்களையும் விநியோகித்து வந்தவர். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் நாம் அறிந்த அதே சங்கந்தான். மகன் 1911இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ஒருவரை இழந்தோம், மற்றவர் பெற்றனர் என்று கணக்கெழுதுவதற்காக இந்நூலைத் திறப்பவர் அதிலுள்ள நல்லவற்றைக் காணமாட்டார். எனினும் ஒரு செய்தி நம் உள்ளத்தை உறுத்தவே செய்கிறது. இந்நூலின் மையத்தில் நிற்பவர் அந்த உபதேசியார் அல்லர். ஷூ சிங்-செங் என்னும் கன்பூசியப் பேரறிஞரே.

ஷூ சிங்-செங், பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த சீனத் தூதர். லூ 1893இல் அவரிடம் மொழிபெயர்ப்பாளராகச் சென்று அவருடைய மாணாக்கரானார். ஐரோப்பாவின் வலிமை அதன் படைக்கலங்களிலும் இல்லை, அறிவியலிலும் இல்லை, அதன் சமயத்திலேயே உள்ளது. அச்சமயத்தின் மிகத் தொன்மையான கிளையைத் தேடி, இயலுமாயின் அதன் மிகத் தொன்மையான துறவுச் சபையில் சீடனாகி, அதன் உள் வாழ்வைக் கற்றுச் சீனத்திற்குக் கொண்டு செல் என்பது ஆசிரியரின் அறிவுரை. இதைச் சொன்னவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது நினைவில் இருத்தற்பாலது. 1900இல் பாக்ஸர் கிளர்ச்சியின்போது அரசவையின் போக்கை எதிர்த்தமைக்காக அவர் மரண தண்டனைக்கு உள்ளானார். அவருடைய சொல் மாணாக்கரின் உள்ளத்தில் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் உறங்காது கிடந்தது. ஆகவே, மனைவியை இழந்த துயரம் அவரை மடத்திற்குத் துரத்தியது என்று மட்டும் கூறுவது நூலுக்கு நீதி செய்வதாகாது. துயரம் கதவைத் திறந்தது. வழியைக் காட்டியவர் வேறொருவர்.

துறவுப் பொருத்தனைகளைக் குறித்து லுத்தர் 1521இல் எழுதியவற்றைக் கற்றவர்களாகிய நாம் இங்கே ஐயுறுதல் இயல்பே. லுத்தர் 1505இல், தம் 21ஆம் வயதில், இடிமின்னலுக்கு அஞ்சி நேர்ந்துகொண்டு மடம் புகுந்தார். தம் செயல்களால் கடவுளின் தயவைப் பெற முயன்று சோர்ந்தார். லூவின் நிலை வேறு. புண்ணியம் திரட்டிவைக்க அவருக்குக் காலமே இல்லை. மேலும், பெனடிக்டின் ஒழுங்கு நூல் தன் 63ஆம் அதிகாரத்தில், மடத்தில் ஒருவரது வரிசை அவர் வந்து சேர்ந்த காலத்தைப் பொறுத்ததேயன்றி வயதையோ பதவியையோ பொறுத்ததன்று என விதிக்கிறது. காலையில் முதல் மணி வேளையில் வந்தவனுக்கு, இரண்டாம் மணி வேளையில் வந்தவன் எத்துணைப் பெரியவனாயினும் இளையவனே. பேரரசுகளின் தூதரோடு சரியாசனத்தில் அமர்ந்தவர், தம் பேரப்பிள்ளைகளாகத் தக்க இளைஞருக்குப் பின்னே நின்று திருப்பாடல் இசைத்தார். திராட்சத்தோட்ட உவமையில் பிந்தி வந்தவன் கூலி பெற்றதைக் குறித்தே நாம் பிரசங்கிக்கிறோம். பிந்தி வந்தவன் வரிசையின் கடைசியில் நிற்கக் கற்பதைக் குறித்துப் பேசுவது அரிது. நம் சபைகளில் ஓய்வு பெற்ற அதிகாரி ஞானஸ்நானம் பெற்றால், அடுத்த ஆண்டே கமிட்டியில் இருப்பார்.

நூலின் வலிமை எதுவோ அதுவே அதன் குறையும் ஆகிறது. லூவின் திறவுகோல் தாய் தந்தையர்க்கும் ஆசிரியர்க்கும் செய்யும் பக்தி. அந்தப் பக்தி கிறிஸ்துவில் நிறைவு பெறுகிறது. பிதாவுக்குக் குமாரன் காட்டிய கீழ்ப்படிதலே அதன் உச்சம் என்கிறார். அழகிய கருத்து. சீனச் சடங்குகளைப் பற்றிய நெடிய பூசலுக்குப் பின், ரோமாபுரி 1939இல் தன் தடையைத் தளர்த்தியதை நினைப்பவர்க்கு அதன் காலப் பொருத்தமும் விளங்கும். ஆயினும் தகப்பனையும் தாயையும் தம்மிலும் அதிகமாய் நேசிக்கிறவன் தமக்குப் பாத்திரன் அல்லன் என்ற ஆண்டவரின் கூற்று இந்த இசைவை அறுக்கிறதல்லவா? கிறிஸ்து நம் மரபுகளின் நிறைவாவது மெய். அவற்றின் நியாயாதிபதியும் அவரே. அந்தப் பக்கம் இந்நூலில் மங்கலாகவே தெரிகிறது.

கீழ்ப்படிதல் என்ற இச்சொல்லை லூவின் அரசியல் வாழ்வே சோதித்துவிட்டது. 1915 மே மாதம், ஜப்பானின் இருபத்தொரு கோரிக்கைகளால் விளைந்த உடன்படிக்கையில், குடியரசுத் தலைவர் யுவான் ஷி-காயின் அமைச்சராக அவர் கையொப்பமிட்டார். 1919 ஜூன் 28இல், ஷான்டுங்கில் ஜெர்மனி கொண்டிருந்த உரிமைகளை ஜப்பானுக்கு அளித்த வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட, அவர் தலைமை தாங்கிய சீனக் குழு மறுத்தது. பீக்கிங் அரசு தெளிவாக வழிகாட்டாத வேளை அது. முன்னது மேலோருக்குப் பணிந்த கீழ்ப்படிதல். பின்னது எதற்குப் பணிந்தது? மனச்சாட்சிக்கு என்போம் நாம். இவ்விரு நாள்களையும் அருகருகே வைத்து லூ இறையியல் செய்திருப்பாராயின், கன்பூசியரையும் கிறிஸ்துவையும் ஒப்பிடும் பக்கங்கள் இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

ஆசிரியரின் அறிவுரையில் ஒரு பகுதி நிறைவேறவில்லை. 1946இல் லூவுக்கு மடாதிபதிப் பட்டம் அளிக்கப்பெற்றது. சீனம் திரும்பும் அவா அவரிடம் இருந்தது. ஆனால் 1949 ஜனவரி 15இல் புரூகேயிலேயே காலமானார். அம்மாத இறுதியில் பீக்கிங் பொதுவுடைமைப் படையின் வசமாயிற்று. தந்தையார் விநியோகித்த பிரசுரங்கள் சீனர்க்கென அச்சிடப்பட்டவை. மகனுடைய நூலோ ஐரோப்பியர்க்கென்று பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது.