பெங்களூரு மழையும் வைப்பர் பிளேடும்: வீட்டிலேயே மாற்றுவது குறித்த மதிப்பீடு

காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரில் மூன்று உறுப்புகள் உள்ளன: மோட்டாரின் அசைவை ஏற்று இருபுறமும் வீசும் கை, அதன் நுனியில் மாட்டப்படும் பிளேடு, பிளேடின் அடியில் கண்ணாடியைத் தொட்டுச் செல்லும் ரப்பர். 1903இல் அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பரை ஓட்டுநர் உள்ளிருந்தபடி நெம்புகோலைக் கையால் இழுத்து இயக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலோ, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆம் விதி, விசையால் இயங்கும் செம்மையான வைப்பர் வண்டியில் இருந்தாக வேண்டும் என்கிறது. அந்தச் செம்மை முழுவதும் ரப்பரின் மெல்லிய விளிம்பைப் பொறுத்தது. கை ஒரு பக்கம் போகும்போது விளிம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து நீரை வழித்துச் செல்ல வேண்டும். கை திரும்பும் நொடியில் அதுவும் மறுபக்கம் மடிந்து சாய வேண்டும். இறுகிப்போன ரப்பர் அப்படி மடியாமல் கண்ணாடியின்மேல் துள்ளுவதால்தான் பழைய வைப்பரில் தடதடப்பு எழுகிறது.

பெங்களூருவில் இந்த ரப்பர் உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே மிகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரை, அதிலும் செப்டம்பரில் மிகுதியாகக் கொட்டிவிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வைப்பருக்கு வேலையே இல்லை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த நகரின் குளிர்ச்சியை நம்பித் தெருவோரம் நிறுத்தப்படும் கார்களின் ரப்பர் அம்மாதங்களில் வெயிலின் புறஊதாக் கதிரால் இறுகி, கை அழுத்திய வாக்கிலேயே ஒருபக்கமாகக் கோணிப்போகிறது. மர நிழலில் நிறுத்தினால் தூங்குமூஞ்சி மரத்தின் பிசினும் பூந்தாதும் அதில் ஒட்டுகின்றன. மெட்ரோ பணிகளின் புழுதி அதன்மேல் படிகிறது. போர்வெல் நீரை வாஷர் தொட்டியில் ஊற்றுவோரின் கண்ணாடியில் உப்புக்கறையும் சேர்கிறது. ஆகவே ஏப்ரல் மாலையின் முதல் கோடை மழையில் பழுதைக் கண்டறிவதைவிட, மார்ச் மாதத்திலேயே விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது மேல்.

ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பிளேடுகள் இருவகை. சட்ட வகையில், உலோகச் சட்டத்திலிருந்து பிரியும் சிறு கவ்விகள் ரப்பரைப் பல இடங்களில் அழுத்திப் பிடிக்கின்றன. சட்டமில்லா வகையில், வளைத்துச் செய்த வில் எஃகு ரப்பரின் நீளம் முழுவதும் அழுத்தத்தைப் பரப்புகிறது. ஓடும் வேகத்தில் காற்று பிளேடைத் தூக்கிவிடாது என்பது பின்னதற்குச் சொல்லப்படும் பெருமை. நெரிசலில் ஊரும் சில்க் போர்டு சந்திப்பின் வேகத்தில் அதற்கு வேலையில்லை, மைசூரு விரைவுச்சாலைக்குப் போவோருக்கே அது பயன்படும். நகருக்குள் அதன் உண்மையான நன்மை, புழுதி புகுந்து இறுகும் மூட்டுகள் இல்லாமையே. ஆனால் வில்லின் வளைவு கண்ணாடியின் வளைவோடு பொருந்தாவிட்டால் இரு முனைகளும் எழும்பி நிற்கும். மலிவான சட்டமில்லாப் பிளேடுகளில் இக்குறை அடிக்கடி தென்படுவதால், அவற்றைவிடத் தரமான சட்ட வகையே சிறந்தது. சட்டம் உறுதியாக இருந்தால் ரப்பரை மட்டும் வாங்கி மாற்றும் வழியும் உண்டு; எல்லாவற்றிலும் செலவு குறைந்தது அதுதான், ஆயினும் கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்வது அரிது.

வாங்குமுன் இரு பிளேடுகளையும் தனித்தனியே அங்குலத்தில் அளந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பல கார்களில் ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு நீளமானது. கையின் நுனி வளைந்த கொக்கியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பரவலாகக் காணப்படுவது அதுவே. கையை நிமிர்த்தியவுடன் மடித்த துண்டு ஒன்றைக் கண்ணாடிமேல் விரிப்பது இன்றியமையாதது. பிளேடு கழன்ற கை ஸ்பிரிங்கின் விசையில் சட்டெனச் சாய்ந்தால், சில நூறு ரூபாய் வேலை கண்ணாடி மாற்றும் செலவில் போய் முடியும். பிளேடைக் கைக்குக் குறுக்காகத் திருப்பி, கொக்கியின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாக்கை அழுத்தியபடி கையின் அடிப்பக்கம் நோக்கித் தள்ளினால் அது கழன்றுவிடும். புதியதை எதிர்த்திசையில் 'கிளிக்' ஒலி கேட்கும்வரை இழுத்து மாட்டி, ரப்பரின்மேல் பாதுகாப்புக்காகச் செருகியுள்ள பிளாஸ்டிக் உறையை மறவாமல் உருவ வேண்டும். பானட்டுக்கு அடியில் கை ஒடுங்கிக் கிடக்கும் கார்களில், கையேட்டில் சொன்னபடி முதலில் அதைக் கண்ணாடியின்மேல் நிமிர்ந்து நிற்கும் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் தூக்கினால் பானட்டில் கீறல் விழும்.

கண்ணாடியைச் சோப்பு நீரால் கழுவி, ஈரம் இருக்கும்போதே சோதித்துப் பார்ப்பது முறை. மெல்லிய ஒற்றைக் கோடு விழுந்தால் விளிம்பில் மணல் சிக்கியிருக்கும். அகன்ற பட்டை துடைபடாமல் நின்றால் அங்கே அழுத்தம் போதவில்லை. புதிய பிளேடும் தடதடத்தால் அதைக் குறைகூறுவதற்கு முன், கண்ணாடியில் மெழுகுப் பூச்சு உள்ளதா, கை முறுக்கேறிச் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பரை மட்டும் மாற்றுவோர், பழைய ரப்பரின் இருபுறமும் செருகியிருக்கும் மெல்லிய எஃகுப் பட்டைகளை எறிந்துவிடலாகாது. பல ரப்பர்கள் பட்டையின்றியே விற்கப்படுவதால், பழையவற்றை அதே வளைவுத் திசையில் புதியதிலும் செருகியாக வேண்டும்.