வெவெஸ்ஸவும் மலையக நாவலும்: போராட்டச் சித்திரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

மலையக இலக்கியம் பற்றிய விமர்சனங்களில் இரு சொற்கள் தவறாது இடம்பெறுகின்றன. ஒன்று துயரம், மற்றொன்று தியாகம். கடல் கடந்து வந்தமை, கடன், நோய், லயன் வாழ்வு என்பன முதலாவதன் பொருள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான தொழிலாளி இரண்டாவதன் பொருள். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டினுள்ளும் அடங்காத ஒரு வரலாற்று அனுபவம் மலையக மக்களுக்கு உண்டு. அது 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்தது. மலையக நாவலின் பிரதான போக்கு அதனைத் தன் மையப் பொருளாக ஏன் கொள்ளவில்லை என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில் நிகழ்ச்சியை நோக்குவோம். 1940 சனவரி 10 ஆம் நாள், கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இது குறித்து விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. அதன்முன் கோவிந்தனின் மனைவியின் சார்பில் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வேலைநிறுத்த அலை பின்னர் ஊவாவுக்குப் பரவியது. மே மாதத்தில் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை இணங்கவேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதந்தாங்கிய பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைக் களைந்தனர். ஈற்றில், வெள்ளப்பெருக்கினால் ஊவா ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த வேளையில், பொலிஸ் அடக்குமுறை அவ்வலையை முறியடித்தது. சூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆகியோர் சிறை வைக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியை எழுதப் புகும் எவரும் பொலிஸாரின் ஆயுதங்கள் களையப்பட்ட காட்சியையே உச்சமாகக் கொள்ள முற்படுவர். அது இயல்பு. எனினும் வெவெஸ்ஸவின் புதுமை அம்மோதலில் அன்று, சபையிலேயே தங்கியுள்ளது. விடியற்காலைப் பிரட்டில் எவருக்கு எம்மலை ஒதுக்கப்படும், செக்றோலில் எவர் பெயர் பதியப்படும், எவர் பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றப்படுவார் என்பனவற்றைத் தனியொருவராக நிருணயித்து வந்தவர் துரை. அவ்வதிகாரத்தில் பங்கு கோரினர் தொழிலாளர். தோட்டத்தை ஆள்வது யார் என்னும் வினா அங்கு எழுப்பப்பட்டது. சம்பள உயர்வுக் கோரிக்கையினின்றும் இவ்வினா தன்மையால் வேறுபட்டதாகும்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டங்களோடு ஒப்பிடுகையில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். தோட்டமும் சுரங்கமும் அமைப்பால் ஒத்தவை. இரண்டும் ஒதுங்கிய நிலப்பரப்பில் அமைந்தவை. இரண்டிலும் முதலாளியே வீட்டின் சொந்தக்காரன், கடைக்காரன், காவலன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ரொக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த கம்பனிக்கும் ஏனைய கம்பனிகளுக்கும் எதிராகச் சுரங்கத் தொழிலாளர் 1913 இல் வேலைநிறுத்தஞ் செய்தபோது கம்பனி வீடுகளை இழந்து கூடாரங்களில் வாழ்ந்தனர். 1914 ஏப்ரல் 20 ஆம் நாள் லட்லோக் கூடாரக் குடியிருப்பு தாக்கப்பட்டு எரியூட்டப்பட்டது. குழியொன்றில் ஒளிந்திருந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டனர். உலகம் நினைவில் வைத்திருப்பது இக்கொடுமையையே. ஆனால் அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலியோடு, தாம் விரும்பிய கடையில் பொருள் வாங்கும் உரிமையும் தம் வீட்டையும் மருத்துவரையும் தாமே தெரிவுசெய்யும் உரிமையும் இடம்பெற்றன. தீயின் நினைவு கோரிக்கையின் நினைவை விழுங்கிவிட்டது எனலாம்.

சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய பெருநாவலான ஸோலாவின் ‘ஜெர்மினல்’ (1885) இவ்வகையில் கவனத்துக்குரியது. 1884 இல் அன்சான் சுரங்கப் பகுதிக்கு நேரிற் சென்று வேலைநிறுத்தத்தைக் கண்டவர் ஸோலா. பட்டினியையும் கூட்டத்தின் ஆவேசத்தையும் இராணுவத்தின் சூட்டையும் அவர் வன்மையாகத் தீட்டினார். அதேவேளை வேலைநிறுத்த நிதியம் எவ்வாறு திரட்டப்பட்டது, கூட்டங்களில் எவ்வாறு வாதங்கள் நிகழ்ந்தன என்பனவற்றையும் கதையின் உள்ளுறுப்புகளாக்கினார். ஒழுங்கமைப்பு என்பது வரட்சியான பொருளன்று. அதுவும் நாடகத்தன்மை வாய்ந்ததே என்பதற்கு அந்நாவல் சான்று.

நம்மிடத்து நிலை என்ன? கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இடப்பெயர்வின் அவலத்தை உணர்த்துகின்றது. ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றிய பி. எச். டேனியலின் ஆங்கில நாவல் 1969 இல் வெளிவந்து ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழானது. அதுவும் கடனுக்கும் நோய்க்கும் இரையானோரின் கதையே. சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அவரது ‘வீடற்றவன்’ தொழிற்சங்கத்தைக் கதைப்பொருளாக்கியமை முக்கிய வளர்ச்சியாகும். எனினும் அங்கும் தலைப்பே சுட்டுவதுபோல, இழப்பே இறுதி உணர்வாக எஞ்சுகின்றது.

இதற்கு இலக்கிய வடிவஞ் சார்ந்த காரணமொன்று உண்டு. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் தொழிலாளியையே விளித்தன. கேட்போன் செயற்படவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். நாவலோ பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியேயுள்ள வாசகனை விளிக்கின்றது. அவனது இரக்கத்தை வேண்டுகையில் துயரம் முன்னிற்கின்றது, சபை பின்னொதுங்குகின்றது.

வரலாறு சார்ந்த காரணம் இதனிலும் ஆழமானது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அன்று அச்சட்டத்தைச் சமசமாஜிகள் எதிர்த்தனர். ஆனால் 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தபோது, அதே கட்சி அரசாங்கத்தில் அங்கம் வகித்தது. வெவெஸ்ஸவை வழிநடத்திய இயக்கத்தின் வரலாற்றில் இது மறைக்கவொண்ணாத முரண். ஊவாவின் போராட்ட நினைவைச் சுமந்திருக்கக்கூடிய தலைமுறையினர் பலர் தலைமன்னாரிற் கப்பலேறினர். வாய்மொழி மரபு இவ்வாறு அறுபட்ட இடத்தில், கட்சி வரலாறுகளின் சில வரிகளாக மட்டுமே வெவெஸ்ஸ எஞ்சிற்று.

முற்போக்கு விமர்சனத்துக்கும் இதிற் பொறுப்புண்டு. தொழிலாளரிடையே ஒரு வீரநாயகனைத் தேடுமாறு எழுத்தாளரை நாம் வற்புறுத்தினோம். சபைக்கு ஒற்றை நாயகன் இல்லை. அங்கு கங்காணியின் உறவினன் பேசுவான்; அவனை நம்பாதவனும் பேசுவான். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களாயிருக்க, அவர்தம் குரல் சபையில் எவ்வளவு ஒலிக்கும் என்ற வினாவும் எழும். சிங்களத் தோழர்களும் தமிழ்த் தொழிலாளரும் ஒருவரை ஒருவர் எவ்வாறு நம்பினர் என்பதும் எழுதப்படவேண்டும். சபையை இலட்சியமாக்கிப் பாடுவது நம் வேண்டுகோளன்று. அது குறுகிய காலமே நிலைத்தது. தோட்டத்தின் சொத்துரிமையை அது மாற்றவில்லை. அதன் தயக்கங்களும் பிணக்குகளும் நாவலுக்குரிய பொருள்களே.

இது பழைமை பேசும் ஆர்வமன்று. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்கு உட்பட்டன. 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா எனச் சம்பளச் சபை நிருணயித்தபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. அவ்விவாதங்களில் தொழிலாளி பெரிதும் இரங்கத்தக்கவராகவோ செலவினமாகவோ தோன்றினார்; தோட்டத்தை நடத்தத் தெரிந்தவராகத் தோன்றவில்லை. அவரை அவ்வாறு காணும் பழக்கத்தை வளர்த்ததில், நல்லெண்ணத்தோடேயாயினும், நமது இலக்கியத்துக்கும் பங்குண்டு. கோவிந்தனின் மரணத்தை நாம் மறவாதிருப்பது கடமை. வெவெஸ்ஸவில் தொழிலாளர் கூடியிருந்து முடிவெடுத்தனர் என்பதை மறந்திருப்பது பிழை. அப்பிழையைத் திருத்தும் நாவல் ஊவாவிலிருந்தே எழவேண்டும்.