மலைப்பாதையும் குதிரைவலுவும்

மோட்டார் வாகன ஆர்வலரிடையே நிகழும் விவாதம் ஒருவகைத் திறனாய்வு எனலாம். அதுவும் தரம் காண முற்படுகின்றது. பழையதையும் புதியதையும் ஒப்பிடுகின்றது. சார்புகளுக்கும் அதிற் குறைவில்லை. இலக்கியத் திறனாய்வில் அளவுகோல் எங்கிருந்து பெறப்பட்டது என்று வினவுவது போல இங்கும் வினவுதல் வேண்டும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் வீதி அவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாகும்.

1924இல் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை அதற்கப்பால் நீளவில்லை. ஆகவே ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்களின் தேயிலை கீழிறங்குவதும் அரிசி மேலேறுவதும் நோயாளி பதுளை வைத்தியசாலையை அடைவதும் மோட்டார் வாகனத்தையே நம்பியிருக்கின்றன. காரில் ஏறிச்செல்பவர் துரையாகவும், அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர் தொழிலாளியாகவும் இருந்த காலம் மலையகத்தில் நெடியது. இயந்திரம் பற்றிய பேச்சு அக்காலத்தில் துரைமாரின் கிளப்புக்கு உரியதாயிருந்தது. இன்று அது கராஜ் வாசலிலும் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திலும் நிகழ்கின்றது. பேசுவோர் மாறியுள்ளனர்; அளவுகோல் அந்த அளவுக்கு மாறவில்லை.

அவ்வளவுகோல் குதிரைவலு. மொறிஸ் மைனரின் இறுதிக்கால இயந்திரம் 1,098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவில் 48 குதிரைவலுவைத் தந்தது. பிற்கால ஜப்பானிய சுசூக்கி அல்ரோ 658 கன சென்ரிமீற்றரிலேயே ஏறத்தாழ 50 குதிரைவலுவைத் தருகின்றது. இதனைக் காட்டி, பழைய கார் வெறும் ஞாபகச் சின்னம் என்பர் இளைஞர். “ஏற்றத்தில் மைனர் இழுக்கும் இழுவை இதற்கு வராது” என்பர் முதியோர். முதியோர் கூற்றை ஏக்கப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. மைனரின் உச்ச முறுக்கம் நிமிடத்துக்கு 2,500 சுழற்சிகளில் ஏறத்தாழ 81 நியூற்றன் மீற்றர். அல்ரோவினதோ 4,000 சுழற்சிகளில் 63. வலு என்பது முறுக்கத்தினதும் சுழற்சி வேகத்தினதும் பெருக்கம். சிறிய இயந்திரம் விரைந்து சுழன்று தன் வலுவை ஈட்டுகின்றது. கொண்டையூசி வளைவில் வேகம் அற்று, மீண்டும் ஏற்றத்தில் எழவேண்டிய ஓட்டுநருக்குக் கீழ்ச்சுழற்சியிற் கிடைக்கும் முறுக்கமே கைகொடுக்கும். அல்ரோவின் எடை குறைவென்பதும் அதன் கியர்கள் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன என்பதும் உண்மையே. எனினும் குதிரைவலு எண்ணொன்றையே நீட்டித் தீர்ப்புக் கூறுவது திறனாய்வாகாது.

முதியோர் கட்சி தோற்கும் இடமும் உண்டு. உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. டேர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வொரு நூறு மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு வலுவை இழக்கும். பதுளையிற் சிறிதாகத் தோன்றும் இவ்விழப்பு, 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கை நெருங்கும். காபரேட்டர் இதனை அறியாது. தாழ்நிலத்துக்கு அமைக்கப்பட்ட அளவிலேயே பெற்றோலை ஊட்டிக் கரும்புகை கக்க வைக்கும். மின்னணு எரிபொருள் செலுத்து முறை காற்றை அளந்து ஊட்டத்தைத் திருத்திக்கொள்கின்றது. பழைமைப் பற்று இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது.

ஏற்றத்தைப் பேசுமளவுக்கு இறக்கத்தை எவரும் பேசுவதில்லை. ஹைபிரிட் காரின் மோட்டார் இறக்கத்தில் மின்பிறப்பாக்கியாகி வேகத்தைத் தணிக்கும். ஆயின் நெடிய இறக்கத்தில் சிறிய மின்கலம் விரைவில் நிரம்பிவிடும். அதன்பின் இயந்திரத் தடையும் பிறேக்குமே துணை. இதனை விற்பனையாளர் விளக்குவது அரிது.

2021 மார்ச் 20ஆந் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ், பசறை 13ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சரிந்து கிடந்த பாறையொன்று அவ்விடத்தில் வீதியை ஒடுக்கியிருந்தது. இதே மாவட்டத்தின் தியத்தலாவையில், 2024 ஏப்ரல் 21ஆந் திகதி, ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தின்போது தடம் விலகிய கார் மோதி எழுவர் இறந்தனர். பந்தயத்தில் இறந்தோர் வேகத்தைக் காணவோ பந்தயப் பணிக்காகவோ வந்தவர்கள். பஸ்ஸில் இறந்தோர் வேறு போக்குவரவு அற்றவர்கள். வேக ஆர்வலரின் சொற்களஞ்சியத்தில் இவ்விரண்டாம் வகையினருக்கு இடம் வைக்கப்படவில்லை என்பதே அதன் பெருங்குறை.

பழுதுபார்த்தலும் தரத்தின் பாற்பட்டதே. மைனரை வளர்த்தது இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977க்கு முந்திய தட்டுப்பாட்டில், உதிரிப்பாகம் இன்றியும் அதனை உயிரோடு வைத்திருந்தவர் ஊர் பாஸ். இயந்திரத்தைக் காதாற் கேட்டுக் குறையறிந்த அவருக்குப் புதிய வாகனத்திற் கணினியின் குறியீட்டெண்தான் கிடைக்கின்றது. அதனை வாசிக்கும் கருவியோ பெரும்பாலும் நகரில் இருக்கின்றது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீளத் தொடங்கியபோது மின்சாரக் கார்களும் வந்தன. மின்மோட்டார் முதற் சுழற்சியிலிருந்தே முழு முறுக்கத்தைத் தரும். முதியோர் மைனரிற் போற்றிய இழுவையை இவ்வாறு மிகப் புதியதே மீட்டுத் தருகின்றது. அதன் மின்கலம் பழுதுற்றால் லுணுகலையில் யார் திறந்து பார்ப்பார் என்ற வினாவுக்கு இருசாராரிடமும் இன்னும் விடையில்லை.