இரவல் பாட்டும் சொந்தக் குரலும்

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை மற்றொருவர் பாடக் கேட்கும்போது, நம் செவி உடனே நீதிபதியின் இருக்கையில் ஏறி அமர்ந்துவிடுகிறது. 'மூலத்துக்கு ஈடாகுமா?' என்பதே அது எழுப்பும் முதற் கேள்வி. ராக் இசையில் இக்கேள்விக்கு வலு அதிகம். 1960-களில் பாப் டிலனும் பீட்டில்ஸ் குழுவினரும் தாமே எழுதித் தாமே பாடிய பாடல்களால் உலகை ஈர்த்த பின்னர், பாட்டு என்பது பாடுபவரின் சொந்த வாக்குமூலம் என்னும் எண்ணம் வேரூன்றியது. பிறருடைய வாக்குமூலத்தை வேறொருவர் எடுத்து வாசிப்பது எங்ஙனம் பொருந்தும்? 'கவர்' என்று வழங்கும் மறுபாடலை இரண்டாந்தரச் சரக்காகக் கருதும் வழக்கம் இதனால் எழுந்தது. நாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்தை அசைத்த மூன்று பாடல்களை வாசகரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அதற்கு முன், இக்கலையின் இருண்ட பக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுதல் நேர்மை. அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் முதல், உரிய அனுமதியோடு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்த பாட்டை, விதித்த கட்டணத்தைச் செலுத்தி எவரும் தம் குரலில் பதிவு செய்யலாம். அக்கட்டணம் பாட்டின் உரிமையாளரைச் சேரும். முதலிற் பாடி அதற்கு உயிர் கொடுத்தவர் என்பதற்காக எவருக்கும் அதில் பங்கில்லை. 1955-இல் லிட்டில் ரிச்சர்ட் என்னும் கறுப்பினப் பாடகர் 'டுட்டி ஃப்ரூட்டி' என்ற பாட்டைக் காட்டாறு போலப் பொங்கிப் பாடினார். சில மாதங்களுக்குள் வெள்ளையரான பாட் பூன் அதன் சூட்டைத் தணித்துப் பாடினார். விற்பனைப் பட்டியலில் ரிச்சர்ட் எட்டியது 17-ஆம் இடம். பூன் எட்டியது 12-ஆம் இடம். கறுப்பரின் குரலை ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்கள் மிகுந்திருந்த காலம் அது. இங்கே மறுபாடல் ஒருவர் வீட்டுக் கதவை அடைத்து, அவர் விளைவித்த கனியை வேறொரு வாசலில் விற்றது. மறுபாடலை ரசிப்போர் இந்த வரலாற்றை மறந்து ரசித்தல் ஆகாது.

இனி முதற்பாடலுக்கு வருவோம். டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' 1967-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. எசாயா நூலின் 21-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்க்கு அதன் காவற்கோபுரமும், தொலைவில் தோன்றும் இரு குதிரைவீரரும் பழகிய காட்சிகளே. பாபிலோன் வீழ்ந்த செய்தியைக் காவலன் கேட்கும் இடம் அது. டிலன் இதனை ஒரு கிதார், ஊதிசை, அடக்கமான தாளம் ஆகியவற்றோடு இரண்டரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். குரலில் பதற்றம் இல்லை. கதை தொடங்க வேண்டிய இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது.

சில வாரங்களில், 1968 சனவரியில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இலண்டனில் அதே பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கினார். சொற்கள் அவையே. ஆனால் டிலன் கோபுரத்தின் மேல் நின்று தொலைவில் கண்ட புயலை, ஹென்ட்ரிக்ஸ் அதன் நடுவில் நின்று பாடுகிறார். மூலத்தில் சொல்லாக மட்டுமே இருந்த காற்று, இவருடைய மின்கிதாரில் உண்மையாகவே ஊளையிடுகிறது. பாட்டின் நடுவே வரும் நீண்ட கிதார் இசை, ஒவ்வொரு படியிலும் நிறம் மாறி, சொற்கள் சொல்லாது விட்ட அச்சத்தைச் சொல்லி முடிக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் 1970-இல் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். டிலனோ பிற்காலத்தில் தம் மேடைகளில் அவருடைய போக்கைத் தழுவியே இப்பாட்டைப் பாடலானார். அதைப் பாடும்போது அவருக்கு அஞ்சலி செலுத்துவதாகவே உணர்வதாகவும் சொன்னார். தந்தவரே பெற்றவரிடம் கற்றுக்கொண்டார்! இதைவிட நேர்மையான கைம்மாறு உண்டோ?

இரண்டாவது, லெனர்ட் கோஹனின் 'அல்லேலூயா'. அது இடம்பெற்ற தொகுப்பை 1984-இல் அவருடைய அமெரிக்க நிறுவனம் வெளியிட மறுத்தது. 1991-இல் ஜான் கேல் அதனைப் பியானோவோடு எளிமையாகப் பாடினார். அதைப் பின்பற்றி 1994-இல் ஜெஃப் பக்லி பாடினார். மறுபாடலின் மறுபாடலே உலகெங்கும் பரவியது. ஆனால் இங்கே ஒரு குறையையும் சுட்ட வேண்டும். தாவீதின் வீழ்ச்சி, சிம்சோனின் மழிக்கப்பட்ட தலை, முறிந்துபோன காதல் ஆகியவற்றினூடே திணறி எழும் புகழ்ச்சொல் அது. பின்வந்தோர் பலர் அந்த ஒரு சொல்லின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, திருமண வீடுகளிலும் ஆலயங்களிலும் கூடப் பாடுகின்றனர். காயத்தை விலக்கிவிட்டுக் கட்டுத்துணியை மட்டும் காட்டுவது போன்றது இது. பலர் பாடிவிட்டனர், போதும் என்ற பொருள்படக் கோஹனே 2009-இல் சொன்னதில் நகைச்சுவை மட்டுமா இருந்தது?

மூன்றாவது, 'ஹர்ட்'. நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரெண்ட் ரெஸ்னர் 1994-இல் வெளியிட்ட இப்பாட்டு, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் இளைஞன் ஒருவனின் இருட்டறை முணுமுணுப்பு. 2002-இல், 70 வயதில், நோயால் தளர்ந்திருந்த ஜானி கேஷ் இதனைப் பாடினார். மூலத்தில் மணிமுடியோடு இணைந்து நின்ற ஓர் இழிசொல்லை நீக்கி, அவ்விடத்தில் முள்முடியை வைத்தார். அவர் செய்த சொல்மாற்றம் அவ்வளவே. ஆயினும் பாட்டின் முகம் திரும்பிவிட்டது. இளைஞனின் வாயில் விரக்தியாக இருந்தது, முதியவரின் நடுங்கும் குரலில் மனவருத்தமாகிறது. 'எல்லாம் வீண்' என்று இருபது வயதில் சொல்வதும், எல்லாம் பெற்று எல்லாம் இழந்தபின் சொல்வதும் ஒன்றாகுமா? அதற்கெனப் படமாக்கப்பட்ட காட்சியில் அவரை நோக்கி நிற்கும் அவர் மனைவி ஜூன் 2003 மே மாதத்தில் மறைந்தார்; செப்டம்பரில் கேஷும் மறைந்தார். தொடக்கத்தில் தயங்கிய ரெஸ்னர், காட்சியைக் கண்டபின், இப்பாட்டு இனித் தம்முடையதன்று என்ற கருத்தைத் தெரிவித்தார். இழந்ததைச் சொல்லும் குரலாக அது ஒலிக்கவில்லை. கொடுத்தவரின் குரலாகவே ஒலித்தது.

ஆகவே மறுபாடலை எடைபோட 'மூலத்துக்கு ஈடாகுமா?' என்னும் கேள்வி போதாது. பாடுபவர் தம் வாழ்விலிருந்து எதை அப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்? அதன் காயத்தை மதித்தாரா, மழுப்பினாரா? முதலிற் பாடியவரின் பெயர் விளங்கிற்றா, மறைந்ததா? இவற்றைக் கேட்டுக்கொண்டு, ஒரு மாலையில் மூலத்தையும் மறுபாடலையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வாசகரை வேண்டுகிறோம். இரண்டாவதைக் கேட்டபின் முதலாவதும் புதிதாய் ஒலிக்கும்.

பிறர் வாக்குமூலத்தை எடுத்து வாசிக்கலாமா எனத் தொடக்கத்தில் கேட்டோம். 51-ஆம் திருப்பாடல், பத்சேபாவிடம் தவறிய தாவீதின் குற்ற ஒப்புதல் எனத் தலைப்பிடப்பட்டது. ஆயினும் தவக்காலத்தில் அதனைப் பாடும் நம்மில் யாரும் தாவீதின் பாவத்தைப் பாடுவதில்லை. நம் பாவத்தையே பாடுகிறோம். இரவல் வாங்கிய சொற்களில்தான் நம் சொந்தக் குரலை நாம் முதன்முதலிற் கேட்டோம்.